மில்லரைட்டை அடையாளம் காண்பது எப்படி: லென்ஸில் தொடங்கி அமிலத்தில் முடியும் முழுமையான வழிகாட்டி

பித்தளை நிறத்தில் தலைமுடிபோல் மெல்லிய ஊசிகள் ஒரு கல்லின் பொந்துக்குள் தெரிந்தால், புதிதாகக் கனிமம் பழகுகிறவர்கள் பெரும்பாலும் உடனே இடுக்கியை எடுத்து ஓர் ஊசியைப் பிடுங்கிப் பீங்கான் தட்டில் உரசுகிறார்கள். பச்சை கலந்த கறுப்புத் தூள் விழுகிறது. புத்தகத்தைப் புரட்டினால் நிக்கல் சல்ஃபைடான மில்லரைட்டுக்கும் அதே நிறம், இரும்புச் சல்ஃபைடான பைரைட்டுக்கும் அதே நிறம், செம்பு இரும்புச் சல்ஃபைடான சால்கோபைரைட்டுக்கும் அதே நிறம். ஊசி போயிற்று, விடை கிடைக்கவில்லை.

இந்தக் கனிமத்தில் சோதனைகளின் வரிசைதான் முக்கியம். கல்லைத் தொடாமல் அறியக்கூடியதை எல்லாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். துணுக்கைக் கரைக்கும் சோதனை கடைசியில்தான் வர வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் கட்டாயம் வேண்டும். இரு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி இருந்தால் வேலை பாதியாகக் குறையும். பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்ச ஒரு சிறிய விளக்கு, மெல்லிய முனையுள்ள இடுக்கி, ஒரு தையல் ஊசி, காந்தம், செப்புக் கம்பித் துண்டு ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

வேதிச் சோதனை வரை போவதானால் நீர்த்த நைட்ரிக் அமிலம், அம்மோனியாக் கரைசல், ஆல்கஹாலில் கரைத்த டைமெத்தில்கிளையாக்சைம் (நிக்கலோடு சேர்ந்தால் சிவப்பாகும் வேதிப்பொருள்), வடிதாள், சொட்டுக்குழாய் ஆகியவை தேவை. கையுறையும் கண்பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அந்தப் படியைத் தொட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. நிக்கல் சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலக அளவில் வகைப்படுத்தப்பட்டவை. சிலருக்குத் தோலில் ஒவ்வாமையும் வரும். மாதிரியை வாயால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் இருந்தால் இங்கே அதை விட்டுவிடுங்கள். ஊதும்போது ஊசி முறியும், அதன் தூள் மூச்சோடு உள்ளேயும் போகும்.

2. எதைத் தேடுகிறோம் என்பதை மனத்தில் பதியுங்கள்

மில்லரைட் ஒரு நிக்கல் சல்ஃபைடு. ஒரு நிக்கல் அணுவுக்கு ஒரு கந்தக அணு. எடையில் பார்த்தால் நிக்கல் ஏறக்குறைய 64.7 விழுக்காடு, மீதி கந்தகம். படிக அமைப்பு முக்கோண வகையைச் சேர்ந்தது. கீறலை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் மோஸ் அளவில் கடினத்தன்மை 3 முதல் 3.5 வரை. ஒப்படர்த்தி, அதாவது நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது, 5.3 முதல் 5.5 வரை. வெளிர் பித்தளை நிறம், உலோக மிளிர்வு. நாட்பட்டால் மேற்பரப்பு மங்கும், சில நேரம் வானவில் நிறங்களும் படரும்.

வில்லியம் ஹாலோஸ் மில்லர் என்ற பிரிட்டிஷ் கனிமவியலாளரின் நினைவாக 1845இல் வில்ஹெல்ம் ஹைடிங்கர் இந்தப் பெயரை வைத்தார். பழைய பட்டியல்களில் 'முடிப் பைரைட்' என்ற பொருள் தரும் பெயர்களில் இது பதிவாகியிருக்கும். பழைய சேகரிப்பின் சீட்டைப் படிக்க நேர்ந்தால் இதை நினைவில் வையுங்கள்.

இதே சேர்மத்துக்கு இன்னொரு வடிவமும் உண்டு. சுமார் 379 டிகிரி செல்சியசுக்கு மேல் அணுக்களின் அடுக்கு மாறிவிடுகிறது. மில்லரைட் என்பது அதற்குக் கீழே நிலைத்திருக்கும் வடிவம். உயர்வெப்ப வடிவம் மில்லரைட்டாக மாறும்போது கன அளவு சில விழுக்காடு பெருகும். பதப்படுத்திய கண்ணாடிப் பலகைகளில் நிக்கல் சல்ஃபைடுத் துகள் ஒன்று சிக்கிக்கொண்டால், வேகமாகக் குளிர்விக்கும்போது அது உயர்வெப்ப வடிவத்திலேயே உறைந்து நிற்கிறது. பின்னர் மெல்ல மெல்ல மாறிப் பெருத்து, ஒருநாள் பலகை யாரும் தொடாமலேயே நொறுங்குகிறது. பல மாடிக் கட்டடங்களின் கண்ணாடிகள் காரணம் தெரியாமல் உடைவதற்குப் பின்னால் பல நேரம் இந்தச் சிறு துகள்தான் இருக்கிறது. கனிமத்தைப் படிப்பவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

3. கல் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்

பலரும் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். லென்ஸை எடுப்பதற்கு முன்பே, மாதிரி எந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மில்லரைட் எங்கும் கிடைக்கும் கனிமம் அன்று. அது வளரும் சூழல்கள் சிலவே, ஒவ்வொன்றிலும் அதன் தோற்றம் வேறு.

முதல் சூழல், சுண்ணாம்புக்கல், டோலமைட் போன்ற கார்பனேட் பாறைகளின் பொந்துகள். குறைந்த வெப்பமுள்ள உப்புநீர் பாறையின் வழியே ஊர்ந்து, சிறிதளவு நிக்கலைக் கொண்டுவந்து, வெற்றிடத்தில் ஊசியாக வளர்க்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஹால்ஸ் கேப் பகுதியின் குவார்ட்ஸ் ஜியோடுகள், அதாவது உள்ளே பொந்துள்ள உருண்டைக் கற்கள், இதற்குப் பெயர்பெற்றவை. கல்லை உடைத்தால் உள்ளே குவார்ட்ஸ் படிகங்கள், அவற்றின் மேல் விசிறியாக விரியும் பொன்னிற இழைகள். மில்லரைட் பெரும்பாலும் தாமதமாகவே வளர்வதால், இழைகள் குவார்ட்ஸின் மேல் நிற்கும். அவற்றுக்கும் பின்னால் கால்சைட் வளர்ந்திருந்தால் இழைகள் அதற்குள் புதைந்திருக்கும். எது எதன்மேல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வளர்ச்சியின் வரிசை அதிலிருந்து தெரியும்.

இரண்டாவது, நிலக்கரிப் படுகைகளில் கிடைக்கும் சிடரைட் உருண்டைகள். சிடரைட் என்பது இரும்புக் கார்பனேட். தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பகுதியில் இத்தகைய உருண்டைகளின் விரிசல்களுக்குள் மில்லரைட் இழைகள் கிடைத்திருக்கின்றன. வெளியே பார்த்தால் மண்நிற உருண்டை, உடைத்தால் விரிசலின் குறுக்கே ஒன்றிரண்டு மின்னும் இழைகள். நியூயார்க் மாநிலத்தின் ஆன்ட்வெர்ப் ஊரருகே இருந்த ஸ்டெர்லிங் சுரங்கத்தில் ஹெமடைட் என்னும் இரும்புத் தாதின் பொந்துகளில் நேர்த்தியான ஊசிக் கற்றைகள் கிடைத்தன.

மூன்றாவது, வெந்நீரூற்றுப் பாய்ச்சலால் உருவான உலோக நரம்புகள். செக் நாட்டின் யாஹிமோவ் இந்தக் கனிமம் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இடம். ஜெர்மனியின் சீகர்லாந்து சிடரைட் நரம்புகளும் இதில் அடங்கும். இப்படிப்பட்ட நரம்புகளில் நிக்கலுக்குத் துணையாக ஆர்சனிக் கனிமங்கள் அடிக்கடி இருக்கும். ஆர்சனிக்கைச் சுட்டால் நச்சுப் புகை வரும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் மாதிரியைச் சுட்டுப் பார்க்கும் பழைய சோதனையை நான் சேர்க்கவில்லை.

நான்காவது, நிக்கல் தாதுப் படிவங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பல்டா போன்ற இடங்களில் மில்லரைட் ஊசியாக இல்லாமல் திண்மத் தாதாகவே வருகிறது. ஏற்கெனவே இருந்த நிக்கல் சல்ஃபைடுகள் மாறி இதுவாக ஆகின்றன. சர்ப்பன்டைன் என்னும் பச்சைநிறப் பாறைகளிலும், ஆலிவின் என்னும் கனிமம் சிதையும்போது வெளிப்படும் நிக்கலிலிருந்து நுண்துகள்களாக உருவாகிறது. அதைக் கண்ணால் தேடிப் பயனில்லை. பென்சில்வேனியாவின் கேப் நிக்கல் சுரங்கத்தில் கிடைத்தது இன்னொரு வகை, நெருக்கமாக நின்ற குறு ஊசிகள் சேர்ந்து வெல்வெட்போன்ற மேற்படலமாக.

இங்கே நடக்கும் தவறு: ஊசியாக இல்லை என்பதாலேயே 'மில்லரைட் அல்ல' என்று ஒதுக்கிவிடுவது. பொந்துக் கல்லாக இருந்தால் ஊசியைத் தேடுங்கள், படி 4க்குப் போங்கள். தாதுக் கட்டியாக இருந்தால் நேரே படி 7க்குப் போங்கள்.

4. லென்ஸில் பார்க்க வேண்டியவை

ஒளியை மேலிருந்து பாய்ச்ச வேண்டாம். பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, கல்லை மெல்லத் திருப்புங்கள். மேலிருந்து விழும் ஒளியில் எல்லா இழையும் ஒரே மஞ்சளாகத் தெரியும். சாய்ந்த ஒளியில்தான் ஊசியின் நீளவாட்டில் ஓடும் மெல்லிய கோடுகள் துலங்கும். மில்லரைட் ஊசிகளில் இந்தக் கோடுகள் இயல்பானவை. சில ஊசிகள் தம் நீள அச்சைச் சுற்றித் திருகி வளர்ந்திருப்பதையும் காணலாம்.

அடுத்து, இழைகள் எங்கே தொடங்குகின்றன என்று பின்தொடருங்கள். பல இழைகள் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி விரிவது மில்லரைட்டின் வழக்கம். தனியாக ஓர் இழை பொந்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நீள்வதும் உண்டு.

இப்போது போலிகளை ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

பைரைட்டும் அரிதாக இழையாக வளரும். மிகவும் ஏமாற்றுவது இதுதான். பைரைட் இழையின் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும். சில இழைகள் செங்கோணத்தில் திரும்பியிருக்கும், சிலவற்றின்மேல் குட்டிக் கனசதுரங்கள் ஒட்டியிருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பைரைட் என்று குறித்துக்கொண்டு மேலே சோதியுங்கள்.

கோதைட் என்னும் இரும்புக் கனிமத்தின் ஊசிகள் பழுப்பு அல்லது கறுப்பு. ஒளியில் பொன்னிறமாக மின்னி ஏமாற்றும், ஆனால் உலோகப் பளபளப்பு இருக்காது. முறிந்து கிடக்கும் துணுக்கைத் தேய்த்தால் மஞ்சள் பழுப்புத் தூள் விழும்.

ரூட்டைல் என்னும் டைட்டானியம் ஆக்சைடின் ஊசிகள் பெரும்பாலும் குவார்ட்ஸுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். விளிம்பில் ஒளி ஊடுருவினால் செம்பழுப்பு நிறம் தெரியும். மில்லரைட்டில் ஒளி எந்த மெல்லிய விளிம்பிலும் ஊடுருவாது. ஆன்டிமனி கொண்ட ஸ்டிப்னைட், ஜேம்சனைட் ஆகிய கனிமங்களின் ஊசிகள் ஈயச் சாம்பல் நிறம் என்பதால் புதிய பரப்பு ஒன்றைப் பார்த்தாலே விலகிவிடும்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மங்கிய மேற்பரப்பில் பித்தளை நிறம் என்பது எந்தச் சல்ஃபைடுக்கும் பொருந்தும். முறிந்த முனையின் நிறத்தைத்தான் நம்ப வேண்டும்.

5. பச்சைப் பூச்சைத் தவறவிடாதீர்கள்

இழைகளின் அடியிலோ அருகிலோ பச்சை அல்லது மஞ்சள் பச்சைப் பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரமும் காற்றும் பட்டு நிக்கல் சல்ஃபைடு சிதையும்போது பச்சை நிற நிக்கல் கனிமங்கள் உருவாகின்றன. இழையின் வடிவம் அப்படியே இருக்க, பொருள் முழுவதும் பச்சையாக மாறிய மாதிரிகளும் உண்டு.

பைரைட் சிதைந்தால் துருநிறப் பழுப்பு வரும், பச்சை வராது. ஆகையால் இந்தப் பொடி இருந்தால் அது பெரிய உதவி. ஆனால் செப்புக் கனிமங்களும் பச்சையாகத்தான் சிதையும். அதே கல்லில் சால்கோபைரைட் இருந்தால் இந்தச் சாட்சியின் எடை குறைந்துவிடும்.

பலர் இந்தப் பொடியை அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடுகிறார்கள். நல்ல தடயம் ஒன்று தண்ணீரோடு போய்விடுகிறது. சோதனை முடியும் வரை எதையும் கழுவ வேண்டாம்.

6. ஒரே ஓர் இழையை அசைத்துப் பாருங்கள்

கற்றையின் ஓரத்தில், ஏற்கெனவே முறிந்த அல்லது மறைவில் இருக்கும் ஓர் இழையைத் தேர்ந்தெடுங்கள். நுண்ணோக்கியில் பார்த்தபடியே தையல் ஊசியின் பக்கத்தால், முனையால் அல்ல, இழையின் நுனியை மிகச் சிறிதளவு தள்ளி விடுங்கள்.

மெல்லிய மில்லரைட் இழை வளைந்து, விட்டதும் மூங்கில் குச்சிபோல் நிமிர்ந்து பழைய இடத்துக்கே வரும். தடித்த ஊசி அப்படி வளையாது, முறிந்துவிடும். ஆகவே தடித்ததைத் தொடாதீர்கள். பொன் கம்பி இழையாக இருந்தால் வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். பைரைட் இழை வளைவதற்கு முன் பெரும்பாலும் ஒடிந்துவிடும்.

இந்தப் படியில் அவசரமே எதிரி. கை நடுங்கினால் மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். நிமிர்கிறது என்று ஒருமுறை தெரிந்தால் போதும், இரண்டாவது இழைக்குப் போக வேண்டியதில்லை.

7. திண்மக் கட்டியாக இருந்தால்

ஊசி இல்லாத மாதிரியில் பிளவுத்தளங்களைத் தேடுங்கள். மில்லரைட் இரண்டு சாய்சதுர வடிவத் தளத் தொகுதிகளில் செம்மையாகப் பிளக்கும். கட்டியை ஒளியில் திருப்பினால் பல தட்டைப் பரப்புகள் ஒரே நேரத்தில் பளிச்சிடும். பைரைட்டும் சால்கோபைரைட்டும் ஒழுங்கற்ற முறையில் உடையும், அவற்றில் இந்தப் பளிச்சிடல் இருக்காது. என் அனுபவத்தில் திண்ம மாதிரிக்கு இதுவே முதல் தரமான அடையாளம்.

அடுத்து கடினத்தன்மை. செப்புக் கம்பியும் மில்லரைட்டும் ஏறக்குறைய ஒரே கடினத்தன்மை கொண்டவை, கம்பி கீறுவதும் கீறாததும் சந்தேகமாகவே இருக்கும். அந்தச் சந்தேகமே பயன்படும். பைரைட்டின் கடினத்தன்மை 6 முதல் 6.5 வரை என்பதால் செம்பு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், கத்தி முனைகூடச் சிரமப்படும். கீறலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். செம்பு தன் நிறத்தைக் கல்லில் பூசியிருப்பதைக் கீறல் என்று எண்ணிவிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை.

காந்தத்தை அருகில் கொண்டுசெல்லுங்கள். இழுத்தால் அது பிர்ஹோடைட் என்னும் இரும்புச் சல்ஃபைடாகவோ அதன் கலப்பாகவோ இருக்கும். மில்லரைட் சாதாரணக் காந்தத்துக்கு அசையாது.

கடைசியாக ஒப்படர்த்தி. காற்றில் எடையையும், நூலில் கட்டி நீரில் தொங்கவிட்ட எடையையும் எடுங்கள். காற்றில் 27 கிராமும் நீரில் 22 கிராமும் இருந்தால் குறைவு 5 கிராம், 27ஐ 5ஆல் வகுத்தால் 5.4. சால்கோபைரைட் 4.1 முதல் 4.3 வரை, பைரைட் 5 அளவில் நிற்கும். ஆனால் கால்சைட் ஒட்டியிருந்தால் கணக்கு வீண். கால்சைட்டின் ஒப்படர்த்தி 2.7 மட்டுமே என்பதால் சிறு ஒட்டும் எண்ணைக் கீழே இழுத்துவிடும். தூய துண்டு கிடைக்காவிட்டால் இந்த அளவீட்டை விட்டுவிடுங்கள், தவறான எண் இல்லாத எண்ணைவிட மோசம்.

8. நிக்கல் சோதனை

இதற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்கு போதும். பொந்தின் அடியில் உதிர்ந்து கிடப்பதை எடுங்கள். கற்றையிலிருந்து முறிக்க வேண்டாம்.

துணுக்கைக் குழியுள்ள கண்ணாடித் தட்டில் வைத்து ஒன்றிரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, காற்றோட்டமான இடத்தில் மெல்லச் சூடாக்குங்கள். கரைசல் வெளிர் பச்சையாக மாறும். கரையாமல் மஞ்சளாக மிதப்பது கந்தகமாக இருக்கலாம், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆறிய பிறகு அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். கரைசல் காரமாக மாறி அம்மோனியா வாசனை நிற்கும் வரை சேர்க்க வேண்டும். இங்கேதான் அதிகமானோர் தோற்கிறார்கள். அமிலம் மிஞ்சியிருந்தால் எவ்வளவு நிக்கல் இருந்தாலும் அடுத்த படியில் நிறம் வராது. லிட்மஸ் தாளில் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கரைசல் நீலமானதும் 'நிக்கல்' என்று எழுதிவிடாதீர்கள். செம்பும் அம்மோனியாவில் நீலமாகும், இன்னும் ஆழமாகவே. பழுப்பாகத் திரள்வது இரும்பு. அது அடியில் படியும்வரை பொறுத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் சொட்டுக்குழாயால் எடுங்கள்.

அந்தத் தெளிவில் ஒரு சொட்டை வடிதாளில் விட்டு, அதன்மேல் டைமெத்தில்கிளையாக்சைம் ஒரு சொட்டு விடுங்கள். ரோஜாச் சிவப்பு படர்ந்தால் நிக்கல் இருக்கிறது. லெவ் சுகாயெவ் 1905இல் கண்டறிந்த வினை இது. இன்றும் ஒரு சொட்டில் இவ்வளவு தெளிவாகப் பேசும் சோதனைகள் குறைவு.

துணுக்கு இல்லாமல் அதே வினைப்பொருள்களை மட்டும் கலந்து ஒரு வெற்றுச் சோதனையும் செய்யுங்கள். துருப்பிடிக்கா எஃகு இடுக்கியிலும் நிக்கல் உண்டு. அமிலம் பட்ட இடுக்கி முனை பொய்ச் சிவப்பைத் தந்துவிடலாம்.

9. சிவப்பு வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம்

நிக்கல் இருக்கிறது என்றால் மில்லரைட் என்று ஆகிவிடாது. பென்ட்லன்டைட்டிலும் நிக்கல் உண்டு, ஆனால் அதில் இரும்பும் நிறைய. முந்தைய படியில் பழுப்புத் திரள் கணிசமாக வந்திருந்தால் அதைச் சந்தேகியுங்கள். வெளிர் செம்பு நிறமும் 5க்கு மேற்பட்ட கடினத்தன்மையும் கொண்டிருந்தால் அது நிக்கலைன், நிக்கலும் ஆர்சனிக்கும் சேர்ந்த கனிமம். பாலிடிமைட் என்னும் இன்னொரு நிக்கல் சல்ஃபைடு சாம்பல் நிறம், ஊசியாக வராது. ஹீஸில்வுடைட் என்னும் மற்றொரு நிக்கல் சல்ஃபைடு சர்ப்பன்டைன் பாறைகளில் வரும். அதில் கந்தகத்தின் பங்கு குறைவு, திண்மத் துகளாகவே இருக்கும்.

ஊசி வடிவம், இழையின் மீள்தன்மை, கார்பனேட் பொந்து, நிக்கல் சோதனை ஆகிய நான்கும் ஒத்துப்போனால் சீட்டில் மில்லரைட் என்று தயங்காமல் எழுதலாம். திண்ம மாதிரிக்கும் சர்ப்பன்டைன் பாறைத் துகளுக்கும் படிகத்தின் அணு அடுக்கைக் காட்டும் எக்ஸ்கதிர் விளிம்புவிலகல் சோதனை செய்யாமல் உறுதி சொல்வது சரியல்ல. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் பகுப்பாய்வில் நிக்கலும் கந்தகமும் அணு எண்ணிக்கையில் சமமாக வந்தால் அதுவும் வலுவான சான்று.

10. வைப்பதும் சீட்டு எழுதுவதும்

கற்றையைத் தூரிகையால் தொடக் கூடாது. அழுத்தக் காற்று, அதிர்வொலிக் குளியல் இரண்டும் வேண்டாம். தூசி விழுந்தால் எடுக்க வழியே இல்லை என்று வைத்துக்கொண்டு, முதல் நாளிலேயே மூடிய பெட்டியில் வையுங்கள்.

இழைகளை மூடியிருக்கும் கால்சைட்டை அமிலத்தில் கரைத்துவிட்டால் அழகாக வெளிப்படும் என்ற ஆசை பலருக்கு வரும். கால்சைட்தான் பல இழைகளைத் தாங்கி நிற்கிறது. அது போனால் இழைகளும் சாய்ந்துவிடும். டோலமைட்டோ சிடரைட்டோ அடித்தளமாக இருந்தால் அமிலம் அதையும் அரிக்கும்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள், ஈரம் குறைந்தால் பச்சையாக மாறுவது தாமதிக்கும். கல்லின் அடிப்பகுதியை மட்டும் ஒட்டுமாவால் பெட்டித் தளத்தில் பதியுங்கள். எடுத்துச் செல்லும்போது அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் பஞ்சு சூழ வையுங்கள், பஞ்சு மாதிரியைத் தொடக் கூடாது.

சீட்டில் கனிமத்தின் பெயருக்கு முன்னால் இடத்தை எழுதுங்கள்: சுரங்கம் அல்லது குவாரி, ஊர், நாடு, பாறை வகை, கூட இருந்த கனிமங்கள், வளர்ச்சியின் வரிசை. பெயர் பின்னால் திருத்தப்படலாம், ஆய்வகம் வேறு விடை சொல்லலாம். இடம் தொலைந்தால் எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. எந்தச் சோதனை செய்தீர்கள், எது செய்யவில்லை என்பதையும் சீட்டின் பின்புறம் குறித்து வையுங்கள், அடுத்து வருபவர் இன்னோர் இழையை வீணாக்க வேண்டியிருக்காது.